திருமயம் தந்த தீரர்

நுழையும்முன்

விடுதலைப் போராட்டம் என்றவுடன் ஊர்வலங்களும் மறியல்களும் சிறைக்கூடங்களும் நம் நினைவுக்கு வருகின்றன. அப்போராட்டத்திற்குச் சட்டமன்றம் என்னும் மற்றொரு களமும் இருந்தது. அயலவர் அமைத்த மன்றத்திற்குள் சென்று அமர்வது தகுமா என்ற வினா காங்கிரஸ் இயக்கத்தைப் பல ஆண்டுகள் இரு கூறாக்கியது. தகும் என்று இறுதிவரை வாதாடியவர் ஒருவரின் வாழ்க்கை இப்பாடம்.

இரு நிலங்களின் எல்லையில்

அறந்தாங்கியிலிருந்து மேற்கு நோக்கிப் புறப்பட்டால் ஒருமணி நேரப் பயணத்தில் திருமயத்தை அடையலாம். பாறைமேல் எழுந்த கோட்டையும், பாறையைக் குடைந்து அடுத்தடுத்து அமைத்த சிவன், திருமால் கோயில்களும் அவ்வூரின் அடையாளங்கள். அங்குள்ள திருமாலின் பெயர் சத்தியமூர்த்தி. அப்பெயரையே தாங்கிய ஒரு குழந்தை அவ்வூரில் 1887 ஆகஸ்டு 19ஆம் நாள் பிறந்தது. தந்தையார் சுந்தர சாஸ்திரி ஒரு வழக்கறிஞர்.

இன்று அறந்தாங்கியும் திருமயமும் ஒரே மாவட்டத்து ஊர்கள். அன்று அவை இருவேறு ஆட்சிகளின்கீழ் இருந்தன. அறந்தாங்கி தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆங்கிலேயரின் நேரடி ஆட்சிக்கு உட்பட்டது. திருமயமோ தொண்டைமான் மன்னர்களின் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. 1974இல் புதுக்கோட்டை மாவட்டம் உருவானபோதுதான் இவை ஒன்றாயின. இது வெறும் நிலவியல் செய்தி அன்று. சென்னைச் சட்டமன்றத்திற்கு உறுப்பினரை அனுப்பும் உரிமை அறந்தாங்கிப் பகுதிக்கு இருந்தது, திருமயத்திற்கு இல்லை. தமிழகம் கண்ட மிகச் சிறந்த சட்டமன்றவாதிகளுள் ஒருவர், சட்டமன்றத்தில் இடமே இல்லாத மண்ணில் தோன்றினார்.

சத்தியமூர்த்தி இளமையிலேயே தந்தையை இழந்தார். தாயையும் உடன்பிறந்தாரையும் காக்கும் பொறுப்பு அவர் தோள்மேல் விழுந்தது. புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் படித்து, பின்னர்ச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் பயின்றார். அந்நாளின் புகழ்பெற்ற வழக்கறிஞரான எஸ். சீனிவாச ஐயங்காரிடம் இளம் வழக்கறிஞராகச் சேர்ந்தார். சுகுண விலாச சபையின் நாடகங்களில் வேடமேற்று நடித்ததும் இக்காலத்தில்தான். குரலை ஏற்றி இறக்கவும், அவையின் மனநிலையை அறிந்து பேசவும் மேடை அவருக்குக் கற்றுத் தந்திருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், வடமொழி ஆகிய மூன்றிலும் தங்குதடையின்றிப் பேசவல்லவராக அவர் வளர்ந்தார்.

இந்திய அரசியல் சீர்திருத்தம் பற்றி ஆராய ஆங்கில நாடாளுமன்றக் கூட்டுக்குழு 1919இல் அமர்ந்தது. அக்குழுவின்முன் வாதாட இலண்டன் சென்ற காங்கிரஸ் தூதுக்குழுவில் சத்தியமூர்த்தியும் இருந்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டு. ஆளுங்கட்சியினரை எதிர்க்கட்சியினர் வினாக்களால் மடக்குவதையும், பெரும்பான்மை இல்லாதவர்களும் விதிகளை அறிந்திருப்பதால் அரசைத் திணறச் செய்வதையும் அந்நாட்டு மன்றம் எவர்க்கும் காட்டும். மன்றத்தின் மீது அவர் கொண்ட பற்று பின்னர் ஒருபோதும் தளரவில்லை.

உள்ளே செல்வதா, வெளியே நிற்பதா?

அவர் தாயகம் திரும்பியபோது காங்கிரஸின் திசை மாறிவிட்டிருந்தது. 1920இல் காந்தியடிகளின் ஒத்துழையாமைத் திட்டத்தைக் காங்கிரஸ் ஏற்றது. அரசுப் பட்டங்களைத் துறத்தல், நீதிமன்றங்களை விலக்குதல் ஆகியவற்றோடு சட்டமன்றப் புறக்கணிப்பும் அத்திட்டத்தில் அடங்கும். சத்தியமூர்த்திக்கு அது உடன்பாடன்று. 1919ஆம் ஆண்டுச் சட்டம் தந்த இரட்டையாட்சி குறைபாடுடையது என்பதை அவரும் அறிவார். கல்வி, சுகாதாரம் போன்ற துறைகள் மட்டும் அமைச்சர்களிடம் இருந்தன. நிதியும் காவலும் ஆளுநரின் கையில் இருந்தன. ஆயினும், நாம் விட்டுச்செல்லும் இருக்கை வெற்றிருக்கையாக இராது. அரசுக்கு இணக்கமானவர்கள் அதில் வந்து அமர்வார்கள் என்பது அவர் வாதம். சென்னை மாகாணத்தில் அவ்வாறே நடந்தது. காங்கிரஸ் விலகி நின்ற 1920ஆம் ஆண்டுத் தேர்தலில் நீதிக்கட்சி வென்று ஆட்சி அமைத்தது.

1922ஆம் ஆண்டு கயாவில் கூடிய காங்கிரஸ் மாநாட்டில் இவ்வழக்கு உச்சம் அடைந்தது. சட்டமன்ற நுழைவை ஆதரித்தவர் சித்தரஞ்சன் தாசும் மோதிலால் நேருவும். புறக்கணிப்பில் மாற்றம் வேண்டா என்ற அணியின் முதன்மைக் குரல் சேலத்திலிருந்து சென்ற இராஜாஜியுடையது. மாநாட்டில் இராஜாஜியின் அணியே வென்றது. தோற்றவர்கள் 1923 சனவரியில் காங்கிரஸுக்குள்ளேயே சுயராஜ்யக் கட்சியைத் தொடங்கினர். தமிழகத்தில் அதன் தூண்களாக நின்றவர்கள் சீனிவாச ஐயங்காரும் சத்தியமூர்த்தியும் ஆவர். இராஜாஜிக்கும் சத்தியமூர்த்திக்கும் இடையிலான நெடிய கருத்து வேறுபாட்டின் வேர் இங்கே உள்ளது. அது வழிமுறை பற்றிய வேறுபாடாகத் தொடங்கியது என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால் பின்வரும் நிகழ்ச்சிகள் தெளிவாக விளங்கும்.

அவரை மிதவாதி என்று சொல்லலாமா? அந்நாளில் அச்சொல் காங்கிரஸை விட்டு விலகிய தாராளவாதிகளைக் குறித்தது. சத்தியமூர்த்தி அவர்களுள் ஒருவர் அல்லர். முழு விடுதலையையே வேண்டியவர்; பலமுறை சிறை சென்றவர். எனினும், வாதம், வினா, வாக்கெடுப்பு என்பனவற்றின் வலிமையை நம்பியதில் அவர் மிதவாத மரபின் வாரிசுதான்.

பாரதிக்காக எழுந்த குரல்

1923இல் சென்னைச் சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட அவர், 1930 வரை அங்குப் பணியாற்றினார். 1926ஆம் ஆண்டுத் தேர்தலில் சுயராஜ்யக் கட்சி பிற கட்சிகளைவிட மிகுதியான இடங்களைப் பெற்றது. ஆயினும் பதவி ஏற்பதில்லை என்பது கட்சியின் முடிவு. எனவே ப. சுப்பராயன் தலைமையில் சுயேச்சைகளின் அமைச்சரவை அமைந்தது. வென்ற கட்சியின் உறுப்பினர்கள் எதிர் வரிசையில் அமர்ந்த விந்தையை அன்றைய மன்றம் கண்டது.

அவ்வரிசையிலிருந்து அவர் ஆற்றிய பணிகளுள் தமிழர் மறக்கலாகாத ஒன்று உண்டு. மறைந்து ஏழாண்டுகள் ஆகியிருந்த பாரதியின் பாடல் நூல்களைப் பர்மிய அரசு தடை செய்தது. அதனைப் பின்பற்றிச் சென்னை அரசும் 1928இல் அந்நூல்களைப் பறிமுதல் செய்தது. அவ்வாண்டு அக்டோபரில் சத்தியமூர்த்தி சட்டமன்றத்தில் ஒத்திவைப்புத் தீர்மானம் கொண்டுவந்தார். தடைசெய்யப்பட்ட பாடல்களையே மன்றத்தில் எடுத்துரைத்து, நாட்டை நேசிப்பது குற்றமானால் எந்த நாட்டுக் கவிஞன் தப்புவான் என்ற பொருள்பட வாதிட்டார். வெளியே வைத்திருந்தால் பறிமுதலாகும் வரிகள், உறுப்பினர் ஒருவரின் பேச்சாக மன்றத்தின் நடவடிக்கைக் குறிப்பில் இடம்பெற்றன. தீர்மானம் பெரும்பான்மை வாக்குகளால் நிறைவேறியது. மன்றத்தால் என்ன பயன் என்று கேட்டவர்களுக்கு இதைவிட நல்ல விடை அவரிடம் இருந்திருக்க முடியாது.

அதே மன்றத்தில் அவர் தவறான பக்கத்தில் நின்ற நிகழ்ச்சியும் உண்டு. மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி புதுக்கோட்டை மண்ணின் மகள். அதே மன்னர் கல்லூரியில் பயின்றவர். சட்டமன்றத்தின் துணைத்தலைவராக அமர்ந்தவர். பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க அவர் போராடியபோது சத்தியமூர்த்தி எதிர்த்துப் பேசினார். வழிவழி வந்த ஆடலும் பாடலும் அழிந்துவிடும் என்பது அவர் அச்சம். இசையிலும் நாடகத்திலும் தோய்ந்த ஒருவரின் அச்சம் என்று அதனைப் புரிந்துகொள்ளலாம், ஏற்றுக்கொள்ள இயலாது. கலையின் பெயரால் ஒரு குலத்துப் பெண்கள் விலையாகக் கொடுக்கப்பட்டதை அவர் காணவில்லை. 1929இல் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் கோயில் மானிய நிலங்கள் தொடர்பான சட்டத்திருத்தம் நிறைவேறியது. 1947இல் அவ்வழக்கமே சட்டத்தால் ஒழிந்தது. ஒரே கல்லூரி வளர்த்த இருவருள் இவ்வழக்கில் வென்றவர் அம்மையாரே.

விலகலும் திரும்புதலும்

1929 இறுதியில் இலாகூர் காங்கிரஸ் முழு விடுதலையை இலக்காக அறிவித்து, உறுப்பினர்கள் சட்டமன்றங்களை விட்டு வெளியேற வேண்டும் என்று பணித்தது. சத்தியமூர்த்திக்கு அம்முடிவில் மனம் ஒப்பவில்லை. ஆயினும் பதவியைத் துறந்தார், சட்டமறுப்பு இயக்கத்தில் இறங்கினார், சிறை சென்றார். முடிவு எடுக்கும்வரை எதிர்த்து வாதாடுவது, முடிவான பின் அதற்குக் கட்டுப்படுவது என்பதே அவர் வழக்கமாக இருந்தது. அவருடைய எதிர்ப்பாளர்களும் அவரைக் கட்சியைவிட்டு அகற்ற இயலாமற் போனதற்கு இதுவே காரணம் எனலாம்.

சட்டமறுப்பு இயக்கம் தளர்ந்த 1933இல், சென்னையில் சுயராஜ்யக் கட்சிக்கு மீண்டும் உயிரூட்ட அவர் முனைந்தார். மறு ஆண்டு காந்தியடிகளே சட்டமன்ற நுழைவுக்கு இசைந்தார். அவ்வாண்டு நடந்த மத்திய சட்டசபைத் தேர்தலில் சென்னை நகரத் தொகுதியில் நீதிக்கட்சியின் பெருந்தலைவருள் ஒருவரான ஆற்காடு இராமசாமி முதலியாரை எதிர்த்து நின்று சத்தியமூர்த்தி வென்றார். டெல்லியில் காங்கிரஸ் குழுவின் தலைவர் புலாபாய் தேசாய், துணைத்தலைவர் சத்தியமூர்த்தி. கேள்வி நேரம் அவருக்குரிய களம். ஒரு வினாவுக்கு அரசு தரப்பு தயாராக வைத்திருக்கும் விடையைக் கேட்டுக்கொண்டு, அவ்விடையிலிருந்தே துணை வினாக்களை அடுக்கடுக்காக எழுப்புவார். கோப்பில் இல்லாத வினாவுக்கு அலுவலர்கள் விடை தேடித் திணறுவர்.

1936இல் அவர் தமிழ்நாடு காங்கிரஸ் குழுவின் தலைவரானார். விருதுநகரைச் சேர்ந்த இளைஞர் காமராசர் அப்போது செயலாளரானார். அடுத்து வந்த தேர்தலுக்காகச் சத்தியமூர்த்தி மாகாணம் முழுவதும் சுற்றினார். நாடகக் கலைஞர்களை அரசியல் மேடைக்கு அழைத்துவந்த பெருமை அவரைச் சாரும், கே.பி. சுந்தராம்பாளின் பாட்டைக் கேட்க வந்த கூட்டம் காங்கிரஸின் செய்தியையும் கேட்டுச் சென்றது. பின்னாளில் தமிழ்நாட்டு அரசியலும் திரைப்படமும் கொண்ட உறவின் தொடக்கம் எது என்று ஆராய்வோர் இவரையும் கருத வேண்டும். தென்னிந்தியத் திரைப்பட வர்த்தக சபையின் முதல் தலைவரும் இவரே.

1937

இவ்வாண்டு அவர் வாழ்வின் திருப்புமுனை. 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாகாணங்களுக்குத் தன்னாட்சி கிடைத்திருந்தது. காங்கிரஸ் தேர்தலில் நின்று வென்றால் அமைச்சரவை அமைப்பதா என்பதில் தலைவர்கள் பிளவுபட்டிருந்தனர். சவகர்லால் நேரு கூடாது என்றார். பதவி ஏற்க வேண்டும் என்ற அணியில் முன்னின்று வாதிட்டவர் சத்தியமூர்த்தி. சென்னை மாகாணத்தில் வெற்றி கிட்டினால் பிரதமர் பொறுப்பு அவருக்கே என்று பலரும் எண்ணியிருந்தனர். மாகாண முதலமைச்சரை அன்று பிரதமர் என்றே அழைத்தனர்.

ஆனால், கட்சி மேலிடத்தின் நோக்கு வேறாக இருந்தது. அரசியலிலிருந்து சற்று ஒதுங்கியிருந்த இராஜாஜி தேர்தலுக்கு அழைத்துவரப்பட்டார். சத்தியமூர்த்தி போட்டியிட இருந்த பல்கலைக்கழகத் தொகுதி இராஜாஜிக்குத் தேவைப்பட்டது. அவர் விட்டுக்கொடுத்தார். தேர்தலில் 215 இடங்களில் 159 இடங்களைக் காங்கிரஸ் கைப்பற்றியது. ஆளுநரின் தலையீடு குறித்த உறுதிமொழி பற்றிய பேச்சு நீண்டதால் சில மாதங்கள் இடைக்கால அமைச்சரவை ஒன்று ஆண்டது. சூலை 14ஆம் நாள் இராஜாஜி பொறுப்பேற்றார். அமைச்சர்களின் பெயர்ப்பட்டியலில் த. பிரகாசம் இருந்தார், வி.வி. கிரி இருந்தார், சுயேச்சை அமைச்சரவைக்குத் தலைமை தாங்கிய சுப்பராயனும் இருந்தார். சட்டமன்றம் செல்ல வேண்டும், பதவி ஏற்க வேண்டும் என்று பதினைந்து ஆண்டுகள் வாதாடியவரின் பெயர் இல்லை. அன்று மன்றத்தைப் புறக்கணிக்கச் சொன்னவர் ஆட்சித் தலைமையில் அமர்ந்தார். மன்றமே வழி என்றவர் வெளியே நின்றார்.

இராஜாஜியின் ஆட்சித்திறனை எவரும் மறுப்பதற்கில்லை. மதுவிலக்கும் உழவர் கடன் நிவாரணமும் அவ்வமைச்சரவையின் நற்பணிகள். ஆயினும் சத்தியமூர்த்தியை ஒதுக்கியது திறமை கருதி எடுத்த முடிவென்று கொள்வது கடினம். அவர் மத்திய சட்டசபைக்குத் திரும்பித் தம் பணியைத் தொடர்ந்தார்.

ஆட்சியில் பங்கில்லாவிடினும் அதனைப் பற்றிக் கருத்துரைக்க அவர் தயங்கவில்லை. 1938இல் இராஜாஜி அரசு 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கியது. மாகாணமெங்கும் எதிர்ப்பு எழுந்தது. ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் சிறைப்பட்டனர். நடராசனும் தாளமுத்துவும் 1939இல் சிறைவாசத்தின்போது நோயுற்று இறந்தனர். போராடியவர்கள் மீது, ஆங்கிலேயர் காங்கிரஸை அடக்குவதற்காக இயற்றிய குற்றவியல் திருத்தச் சட்டமே ஏவப்பட்டது. விரும்பாத பெற்றோர் தம் பிள்ளைகளை இந்தி வகுப்பிலிருந்து விலக்கிக்கொள்ள உரிமை வேண்டும் என்று சத்தியமூர்த்தி கூறினார். அச்சட்டத்தைப் பயன்படுத்தியதையும் ஏற்கவில்லை. 1939 சூலையில் இதுபற்றிக் காந்தியடிகளுக்கே மடல் எழுதினார். அவர் இந்தியை வெறுத்தவர் அல்லர். கட்டாயத்தையும் அடக்குமுறையையும் வெறுத்தவர். அம்மடலால் அரசு தன் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. காங்கிரஸ் அமைச்சரவை பதவி விலகிய பின் 1940 பிப்ரவரியில் ஆளுநர் அந்த ஆணையைத் திரும்பப் பெற்றார்.

நகரின் தாகம்

1939இல் சென்னை மாநகராட்சி அவரை மேயராகத் தேர்ந்தெடுத்தது. ஓராண்டுப் பதவி, அதிகாரம் குறைவு. அந்நேரத்தில் இரண்டாம் உலகப்போர் மூண்டது, அமைச்சரவைகள் விலகின, மாகாணம் ஆளுநரின் நேரடி ஆட்சிக்குள் வந்தது. செங்குன்றம் ஏரியை நம்பியிருந்த நகருக்குக் குடிநீர் போதவில்லை. கொசத்தலையாற்றின் குறுக்கே பூண்டியில் நீர்த்தேக்கம் அமைக்கும் திட்டத்தைச் சத்தியமூர்த்தி கையிலெடுத்தார். போர்க்காலத்தில் பொருளும் பணமும் ஒதுக்க அரசு தயங்கியபோது விடாது வற்புறுத்தி இசைவு பெற்றார். 1940 ஆகஸ்டில் ஆளுநர் ஆர்தர் ஹோப் அடிக்கல் நாட்டினார். எந்த ஆட்சியை எதிர்த்தாரோ அந்த ஆட்சியின் ஆளுநரோடு மக்களின் தண்ணீருக்காக ஒரே மேடையில் நின்றது அவர் இயல்புக்கு முரணானதாக எனக்குத் தோன்றவில்லை. அரசின் கருவிகளைக் கைப்பற்றிப் பயன்படுத்த வேண்டும் என்பதைத்தானே அவர் தொடக்கம் முதல் சொல்லிவந்தார்!

தலைமை மாறியது

1940இல் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர் தேர்தல் நடந்தது. சத்தியமூர்த்தி தாமே நிற்காமல் காமராசரை நிறுத்தினார். இராஜாஜி அணியின் வேட்பாளர் சி.பி. சுப்பையா. காமராசர் வென்றார். அடுத்து நடந்ததுதான் வியப்பு: நான்காண்டுகளுக்குமுன் தம்மிடம் செயலாளராக இருந்தவர் தலைவராக, சத்தியமூர்த்தி செயலாளர் பொறுப்பை ஏற்றுக்கொண்டார்.

தனிநபர் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்று மீண்டபின், சட்டமன்றங்களுக்குத் திரும்ப வேண்டும் என்று மீண்டும் அவர் வலியுறுத்தினார். தலைமை செவிமடுக்கவில்லை. 1942 ஆகஸ்டில் வெள்ளையனே வெளியேறு தீர்மானம் நிறைவேறியது. உடல்நலம் குன்றியிருந்த ஐம்பத்தைந்து வயதினரான அவரும் கைதானார். தமிழகத்திற்கு வெளியே, நெடுந்தொலைவிலுள்ள அமராவதிச் சிறைக்கு அனுப்பப்பட்டார். அப்பயணத்தில் முதுகுத்தண்டில் காயம் ஏற்பட்டது. சிறையில் நிலைமை முற்றியது. சென்னைக்குக் கொண்டுவரப்பட்ட அவர், 1943 மார்ச்சு 28ஆம் நாள் பொது மருத்துவமனையில் உயிர்நீத்தார். மனைவியையும் ஒரே மகள் இலட்சுமியையும் விட்டுச்சென்றார்.

மறு ஆண்டு பூண்டி நீர்த்தேக்கப் பணி நிறைவடைந்தது. பின்னர் அதற்குச் சத்தியமூர்த்தி சாகர் என்று பெயரிட்டனர். அதன் கொள்ளளவு இன்று 3,231 மில்லியன் கன அடி. மழைக்காலத்தில் நாளிதழ்கள் நீர்மட்டத்தை அச்சிடும் ஏரிகளுள் அதுவும் ஒன்று. சென்னையிலுள்ள தமிழ்நாடு காங்கிரஸ் தலைமையகமும் சத்தியமூர்த்தி பவன் என்றே வழங்குகிறது. இந்தியா விடுதலை பெற்றபோது காமராசர் முதலில் சென்ற இடம் சத்தியமூர்த்தியின் வீடு. அங்கே தேசியக் கொடியை ஏற்றினார்.

1948 மார்ச்சில் புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தில் இணைந்து, சென்னை மாகாணத்தின் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் ஒரு பகுதியானது. 1952ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் திருமயத்து மக்கள் சென்னைச் சட்டமன்றத்திற்கு முதன்முறையாக வாக்களித்தனர். அவ்வாண்டு சட்டமன்றத் தேர்தலில் போட்டியிடாமலேயே, மேலவை நியமன உறுப்பினராக வந்து இராஜாஜி முதலமைச்சரானார். ஈராண்டு கழித்து அவர் விலகியபோது அவ்விருக்கையில் காமராசர் அமர்ந்தார்.